மூன்று ராடு

அறுபதாம்படிக்கு வந்துரு, பத்து மணி,
என்று போனை வைத்துவிட்டார் முதலாளி.
காரில் மலையேறி, சாமி கும்பிட்டு,
மேலிருந்து இறங்கி வருவார்.
நான் அடிவாரத்திலிருந்து.

சூடம் பத்து ரூபாய்.
நேர்த்திக்கா சத்தியத்துக்கா, என்றாள் கடைக்காரி.
சத்தியம் என்றதும்
பெரிய கட்டியாகப் பொறுக்கித் தந்தாள்.
காத்துல அணைஞ்சா கணக்கில்லீங்,
கையில அணைக்கோணும்.

திருச்செங்கோட்டு மலையின் பாதி வழியில்
பாறை நாகர் நீளப் படுத்திருந்தார்.
ஒருத்தி அவர் முதுகுக்கு மஞ்சள் தேய்த்துக்கொண்டிருந்தாள்,
குளிக்க மறுக்கும் பிள்ளையைத் தேய்ப்பதுபோல
கொஞ்சம் கோபமாக.
தாண்டும்போது என் கால்களைப் பார்த்தேன்.
கிரீஸ் போகவேயில்லை.

பதினோரு வருசம் ரிக் வண்டி.
ஆயிரம் அடி கீழே போக
ஒரு ராத்திரி போதும் எனக்கு.
இந்த மலையில் நாலு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

இருநூறு லிட்டர் டீசல் குறைகிறதாம்.
எடுத்தது நானில்லை.
ஏறும்போது என்னிடம் சுத்தமாயிருந்தது
அது ஒன்றுதான்.

அறுபதாம்படி தொடங்கியதும் எண்ணினேன்.
தொழில் பழக்கம்.
இருபதாம் படியில்
ஒரு ராடு, என்றது வாய் தன்னால்.
நாற்பதில்
ரெண்டு.
அப்போதுதான் ஈரண்ணா வந்தார்.

சிந்தனூர்ப் பக்கம், மிளகாய்க் காடு.
எழுநூற்று எண்பது அடி இறக்கியும்
வந்ததெல்லாம் வெள்ளைப் புழுதி.
அவர் முகத்தில், பெண்டாட்டி முகத்தில்,
வேலியோரம் கட்டியிருந்த எருமை முகத்தில்,
எல்லாருக்கும் ஒரே பவுடர்.
முப்பத்தொன்பது ராடுக்கு
நாற்பத்திரண்டு என்று பில் எழுதினேன்.
போனில் முதலாளி சிரித்தார்:
தண்ணியில்லாத குழிய
எவன் அளந்து பாக்கப்போறான் மாரப்பா.

ஈரண்ணா அளந்தார்.
விடியக்காலையில் கயிற்றில் கல்லைக் கட்டி
முழம் முழமாக விட்டார்.
கயிறு தீர்ந்தது. தாம்புக்கயிற்றை முடிந்தார்.
எருமையை அவிழ்த்துவிட்டு அந்தக் கயிற்றையும் முடிந்தார்.
அப்புறம் எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு,
கயிறு பத்தலை, நீங்க சொன்னா சரி,
என்று தமிழில் சொல்லப் பார்த்தார்.
வழிக்குச் சோளரொட்டி கட்டிக் கொடுத்தார்கள்.
நல்ல ருசி.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அறுபது.
மூணு ராடு.

முதலாளி நின்றிருந்தார்,
நெற்றியில் திருநீறு காயாமல்.
ஏத்து, என்றார்.
மூன்றாவது குச்சியில் பற்றியது.
எடுக்கலைன்னு சொல்லி அணை.

டீசல் எடுக்கலீங்க, என்றேன்.
அது மலைக்கே தெரியும்.
கை மட்டும் இறங்கவில்லை.

சிந்தனூர் மூணு ராடையும்
சேத்தி அணைக்கட்டுங்களா?
அப்படீன்னா
நீங்களும் கையக் குடுக்கோணுமுங்க.

அதைய எதுக்கு இங்க எடுக்கறே,
என்றார் மெதுவாக.
பதினோரு வருசத்தில்
அவர் குரல் இறங்கிக் கேட்டது அன்றைக்குத்தான்.
கைக்குழந்தையோடு ஒரு குடும்பம்
வழி விடுங்க வழி விடுங்க என்று நடுவே ஏறியது.
குழந்தை சூடத்தைப் பிடிக்க எட்டியது.
அவர்கள் போன பிறகு பார்த்தால்
தானாக எரிந்து தீர்ந்திருந்தது.
படிக்கல்லில் வட்டமாய் ஒரு கறுப்பு,
ஆறரை இஞ்சு இருக்கும்.

வண்டி திங்கக்கிழமை கிளம்புது,
என்றார், வேறெங்கோ பார்த்து.
வேலை இருக்கிறது என்றா,
நான் வரவேண்டாம் என்றா, தெரியவில்லை.
அவர் மேலே போனார் காருக்கு.
பாதி ஆணாய்ப் பாதி பெண்ணாய் நிற்கிறவரை
பார்க்காமலே நான் இறங்கினேன்.

முடிஞ்சுதுங்களா, என்றாள் கடைக்காரி.
கையில அணைக்கலீங்க.
அவள் டப்பாவைத் திறந்தாள்.
இன்னொண்ணு எடுக்கட்டுங்களா,
இல்ல, போய்ட்டு வாறீங்களா?