நாற்பத்து மூன்று அங்குலம்

வாசல் வராந்தாவில்
மணல் வாளிகள் வைத்த பெஞ்சுக்கு மேலே
ஒரு கம்பெனி நன்கொடையாகக் கொடுத்த திரை.
கம்பெனியின் பெயர் மூலையை விட்டு நகராது.
மற்றதெல்லாம் நகரும்.
நகர்த்துகிறவள் நான்,
சிந்தாதிரிப்பேட்டைப் பள்ளியின் இளநிலை உதவியாளர்.
சம்பளப் பட்டியல், சத்துணவுக் கணக்கு,
அதோடு இதுவும் என் வேலை என்று
யார் எப்போது முடிவு செய்தார்களோ.

குடற்புழு மாத்திரை திங்கட்கிழமை.
ஒன்பதாம் வகுப்பு அறிவியல் செய்முறை தள்ளிவைப்பு.
காலணி அளவு கொடுக்காதவர்கள் உடனே கொடுக்கவும்.
நாற்பது நொடிக்கு ஒருமுறை
சொன்னதையே சொல்லும்.
யாரும் நின்று படிப்பதில்லை.
மழை நாளில்தான் அதற்கு மரியாதை.
கூவத்தில் தண்ணீர் ஏறுகிறதென்றால்
அறுநூறு முகமும் அண்ணாந்து
ஒரே ஒரு சொல்லுக்குக் காத்திருக்கும்.

தமிழ் இதில் சரியாக விழாது.
கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்,
நடுவில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம்.
"மாடு கொம்பக் கழட்டி வச்சிட்டு வந்துட்ச்சு மிஸ்"
என்பான் முபீன், தேர்வு அறிவிப்பு வரும்போதெல்லாம்.
பழுது பார்க்க வந்த பையன்
ஏணியிலிருந்தே தீர்வு சொன்னான்:
"இங்கிலீஷ்ல போட்ருங்க மேடம்."

பிறந்தநாள் மட்டும் தானாக ஓடும்.
ஜூனில் ஒருமுறை உட்கார்ந்து
அத்தனை பெயரையும் அடித்து வைத்தது.
பிப்ரவரி பதினொன்று காலை
ரோஜாப்பூ படம், பலூன், நடுவே
கி. ரெபேக்கா, ஏழாம் வகுப்பு 'ஆ'.
கொம்பு கழன்றுதான் வந்தாள்.
பழக்கத்தில் கைதட்டல் கிளம்பியது.
'ஆ' பிரிவு வரிசையில் மட்டும்
பாதியில் நின்றது.
"மிஸ், அவங்க காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்க."

தெரியும்.
மாற்றுச் சான்றிதழ் அடித்தவளும் நான்தான்.
ஆற்றோரத்துச் சுவர்களில் சிவப்பில் எண் போட்டார்கள்.
பிறகு பொக்லைன்.
பிறகு லாரியில் கிரைண்டர், கட்டில்,
சக்கரம் மேலே பார்க்க ஒரு சைக்கிள்.
பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடி என்றாள் அவள் அம்மா,
லிஃப்ட் ஓடும்போது ஏழாவது என்றாள்.
'காரணம்' என்ற கட்டத்தில்
'குடியிருப்பு மாற்றம்' என்று அடித்தேன்.
அந்த வாரம் பத்தொன்பது முறை.
பத்தொன்பதாவதற்கு
விரலே தானாக அடித்தது.

தலைமையாசிரியை கதவோரம் எட்டிப் பார்த்து
"அந்தப் பேர எடுத்துடுங்க பிரமிளா" என்றார்.
கோபமில்லை. அவருக்கும் கண் சரியில்லை அன்று.
பட்டியலைத் திறந்தேன்.
வரியைத் தொட்டதும் கேட்டது:
நிச்சயமாக நீக்கவா?
அதில் கொம்பு வைத்த எழுத்து ஒன்றுமில்லை,
உடையாமல், பிசிறில்லாமல் வந்தது அந்தக் கேள்வி.
அப்படியே விட்டுவிட்டு
டீ குடிக்கப் போனேன்.

பகல் முழுக்க ஓடினாள்
குடற்புழுவுக்கும் காலணிக்கும் நடுவில்.

நாலரைக்கு வாட்ச்மேன் எத்திராஜுலு
ஸ்விட்சை அணைத்தார்.
அணைந்தால் அது வெறும் கறுப்புக் கண்ணாடி.
எட்டாவதுப் பெண்கள் இரண்டு பேர்
தூர நின்று ரிப்பனைச் சரி செய்துகொண்டு போனார்கள்.
பிறகுதான் பார்த்தேன்,
கீழ் விளிம்புத் தூசியில்
விரலால் எழுதியிருந்தது.
ரெபேக்கா.
எழுத்தோடு கொம்பு ஒட்டித்தான் இருந்தது.

வாளி மணலில் ஒரு கால்தடம்.
சின்னக் கால், ஐந்து விரலும் தெளிவாக.
காலணி அளவு
இன்னும் கொடுக்காத யாரோ.