நாற்பதில் ஒன்று

"வந்த காரியம்?" என்றார்
கண்ணாடிக்குள் இருந்தவர்.
ஊசி ஏன் உடைகிறது என்று கேட்க வந்தேன்.
இங்கிலீஷில் இரண்டு முறை சொன்னேன்.
இரண்டாம் முறை எனக்கே நம்பிக்கை குறைந்தது.
கருணாம்பிகை என்ற பெயரைப்
படியேறுகிறவர்போல் நின்று நின்று வாசித்து
பாதியில் இளைத்து
முத்திரை குத்திவிட்டார்.

சுங்கத்தில் ஒருத்தி பெட்டியைத் திறக்கச் சொன்னாள்.
கொள்ளுப்பொடியை முகர்ந்தாள்.
மாத்திரை டப்பாவைக் குலுக்கினாள்.
நாற்பது நிட்டிங் ஊசிகள்.
எல்லாம் உடைஞ்சதுங்க, என்றேன்,
தமிழில், பதற்றத்தில்.
உடைந்ததையா இத்தனை கடல் தாண்டித் தூக்கி வந்தாய் என்று
வாய் கேட்கவில்லை.
புருவம் கேட்டது.

பிராங்க்பர்ட்டில் விமானத்தை விட்டால்
கண்ணாடிக் கூரைக்குக் கீழே ரயில்.
சீட்டில் இருபத்தேழாம் பெட்டி.
'ஏ' என்ற எழுத்துக்கு நேரே அது நிற்குமாம்.
முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்
அந்த எழுத்துக்குக் காவல் இருந்தேன்.
ஒலிபெருக்கி ஏதோ சொன்னது.
நடைமேடை முழுக்க ஒரே பெருமூச்சு.
பிறகு எல்லோரும் ஓடினார்கள்:
செல்லோவை முதுகில் உப்புமூட்டை தூக்கிய பெண்,
கோட்டு போட்ட ஒருவர்,
அவரை இழுத்துக்கொண்டு அவருடைய நாய்.
அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது எனக்கு.
ஓடத் தெரியும்.

ரயில் திரும்பி வந்திருக்கிறது,
முதல் பெட்டி கடைசியில்.
'எஃப்' வரைக்கும் இழுத்துப்போய்
கதவுக்குள் விழுந்தபோது
செல்லோக்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில்
கடைசி வண்டிக்குச் சேர்ந்து ஓடியவர்கள்
ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்களே,
அதே சிரிப்பு.

என் இருக்கையும் திரும்பித்தான் இருந்தது.
வருவது எதுவும் தெரியவில்லை.
போனது மட்டும் தெரிந்தது.

மான்ஹைம் தாண்டியதும்
திரையில் எண் ஏறத் தொடங்கியது.
நூற்றெண்பது.
இருநூற்றுப் பத்து.
இருநூற்று நாற்பத்தொன்பது.
காகிதக் கோப்பையில் டீ
ஆடி மாதக் காற்றே படாத குளமாகக் கிடந்தது.
சுரங்கத்தில் காது அடைத்தது, திறந்தது, அடைத்தது.
இத்தனை அதிர்வையும்
கீழே யார் வாங்கிக்கொள்கிறார்கள்?

எங்கள் மெஷினுக்கு எழுதிய வேகம் இருபத்தாறு சுற்று.
முதலாளி முப்பத்துநாலில் வைத்தார்.
அந்த வாரமே ஊசி தெறிக்க ஆரம்பித்தது.
துணியில் மேலிருந்து கீழே ஒரு கோடு.
தபஸின் கன்னத்தில் ஒரு கோடு,
கண்ணுக்கு ஒரு நெல் அளவு கீழே.
ராத்திரி ஷிப்ட்;
ஒடிசாவில் அவன் வீட்டுக்கு
யாரும் போன் செய்யவில்லை.

"ஊசி மட்டம்னு சொல்லிருங்க.
பாதிக் காசாவது திரும்பட்டும்,"
என்று டிக்கெட் போட்டு அனுப்பினார்.
மெஷினைத் திறந்து மூடத் தெரிந்தவள் நான் ஒருத்தி.
பொய்யைத் திறந்து மூடவும் தெரியும் என்று
நினைத்துவிட்டார் போல.

வயல் நடுவே ரயில் நின்றது.
காரணம் சொன்னார்கள்.
நாய் கொட்டாவி விட்டது.
இருநூற்று நாற்பத்தொன்பது இருந்த இடத்தில்
ஒரு பூஜ்யம்.
சும்மா இருக்க முடியாமல்
டப்பாவை மடியில் கொட்டி எண்ணினேன்.

சுங்கத்தில் சொன்னது பொய்.
உடைந்தவை முப்பத்தொன்பது.
ஒன்று முழுசு.
நாலாம் நம்பர் மெஷினில்
வேகம் கூட்டும் பட்டன் வேலை செய்யாது;
பாவம், இருபத்தாறிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது,
ஒரு வருஷமாக ஒரு ஊசி போகவில்லை.
முதலாளி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது
அதிலிருந்து கழற்றினேன்.
எதற்கென்று அப்போது யோசிக்கவில்லை.

நகத்தால் அதன் நாக்கைத் தட்டினேன்.
திறந்தது. மூடியது. திறந்தது.
மற்றதையெல்லாம் டப்பாவில் போட்டு
இதை மட்டும்
இரவல் ஜெர்கின் பையில் வைத்தேன்.
ஊசி நல்ல ஊசிதான்.
இங்கிலீஷில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்,
சத்தமில்லாமல்.
செல்லோக்காரி தூங்கிவிட்டாள்.

ஸ்டுட்கார்ட் இன்னும் எவ்வளவு தூரம் என்று
கேட்க வார்த்தை இல்லை.
ஏதோ அசைந்தது.
முதலில் வயல்தான் நகர்கிறது என்று நினைத்தேன்.