ஆயிரத்துக்கு ஒன்று

தட்டையான ஊர் எங்களது.
ஆயிரம் அடி போனால் ஓரடி இறங்கும்,
அதுவும் மனம் வைத்தால்.
அந்த ஓரடியைத் தேடித்தான்
பதினொரு மாதமாய்க் கோடு கீறுகிறேன்
மாநகரசபை மேல்மாடியில்,
ஏசி பழுதான அறையில்.

நீலம் வாய்க்கால். பச்சை நிழல்மரம்.
மஞ்சள் நடைபாதை.
கடல் ஏறக்கூடும் என்று கொழும்பிலிருந்து வந்த எல்லைக்கு
சிவப்பில் புள்ளிக்கோடு.
குருநகரில் எங்கள் வீடும் அதற்குள் இருந்தது.
தேத்தண்ணிக் கோப்பையை அதன்மேல் வைத்தேன்.
பிறகு எடுத்தேன்.

கார்த்திகையில் கருத்துக்கேட்புக் கூட்டம்.
முப்பத்தாறு படி.
பதினாலு பேர் ஏறி வந்தார்கள்,
பதினாலு பேருக்கும் மாடிவீடு.

கீழே ஒருவர் நிற்கிறார் என்றான் காவலாளி.
நிற்கவில்லை, இருந்தார்:
பொம்மைவெளி நிஸ்தார், சில்லுக்கதிரையில்,
மடியில் பொலித்தீன் சுற்றிய கொப்பி.
"எனக்கு மேல வர ஏலாது.
படத்துக்குக் கீழ வர ஏலும்தானே?"

கொண்டு போனேன்.
சைக்கிள் தரிப்பிடத்து நிலத்தில்
நாலு கல்லு வைத்து விரித்தேன்.

கொப்பியில் ஒழுங்கை ஒழுங்கையாய் இருந்தது ஊர்:
எங்கே கையை எடுத்தால் சில்லு தானாய் உருளும்,
எங்கே தோள் நோகும்,
எந்த மதகில் ஆரேனும் வரும்வரை காத்திருக்கவேணும்.
"உங்கட லெவல் மெசின் ஒருநாள் வந்து போகும்.
நான் ஒவ்வொருநாளும் போறன்.
சில்லும் தண்ணியும் ஒரே சாதி, தங்கச்சி."

சாதி என்ற சொல் அங்கேயே கொஞ்சநேரம் கிடந்தது.
ஆரை ஆரை எந்தப் பள்ளத்தில் குடியேற்றினோம் என்று
வாய்க்காலுக்குத் தெரியும்.
என் படத்தில் அதற்கு நிறமில்லை.

நீலக்கோட்டில் விரலை வைத்தார்.
"இது ஓடாது.
றோட்டுக்கு மேல றோட்டுப் போட்டுப் போட்டு
இப்ப றோட்டு உசரம், வீடு பள்ளம்.
வெள்ளம் உள்ள வாறதும் நான் வெளிய போகேலாததும்
ரெண்டும் ஒரே மேட்டாலதான்."

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது.
அவர் காட்டிய பக்கமும் போகவில்லை தண்ணீர்,
நான் கீறிய பக்கமும் போகவில்லை.
பொறியியலாளரின் வாகனத்தைச் சுற்றி
வட்டமாய்த் தேங்கியது.
இரண்டு பேரும் சிரித்தோம்.
பதினாலு பேரும் குடையோடு
கடைசிப் படியில் நின்றார்கள்,
கால் வைக்க இடமில்லாமல்.

அன்றிரவு நிறைய அழித்தேன்.
இனித் தார் போடுமுன் பழைய தாரைக் கிளறி எடு.
சந்தைக்குப் பின்னாலுள்ள குளத்தை மூடாதே,
அதன்மேல் கீறியிருந்த இருபத்திரண்டு கடையும் போகட்டும்.
எல்லாத் தண்ணீரையும் கடலுக்குத் துரத்தத்தான்
இத்தனை நாளும் சம்பளம் வாங்கினேன்.
சுண்ணக்கல்லுக்குக் கீழே
உப்பின்மேல் மெல்லிய வில்லையாய் மிதக்கிற நன்னீர்தான்
நாங்கள் குடிப்பது.
இன்று துரத்துகிற ஒவ்வொரு வாளியும்
சித்திரையில் பவுசருக்கு நிற்கும் வரிசையில்
ஓர் ஆள்.

நீலத்தை உடைத்து உடைத்துக் கீறினேன்:
இங்கே நில், இங்கே இறங்கு,
இந்தப் பள்ளிக்கூட முற்றத்தில் ஒருநாள் தங்கிப் போ.
விருந்தாளிக்குச் சொல்வதுபோல் இருந்தது.

கோவை மேலே போனது. இன்னும் திரும்பவில்லை.
கடைக்காரர் இரண்டுபேர் வழக்குப் போடுவோம் என்கிறார்கள்.
சிவப்புக்கோட்டை என்ன செய்வதென்று
எனக்கு இன்னும் தெரியாது.

நடந்தது ஒன்றுதான்:
நாவாந்துறைப் பக்கம் ஒரு மதகுக்கு
இரண்டு கரையிலும் கொங்கிறீட் சாய்வு,
பன்னிரண்டுக்கு ஒன்று.
முதலில் ஏறியது மீன்பெட்டி கட்டிய சைக்கிள்.
பிறகு ஒரு பிள்ளைவண்டி,
ஜெசிந்தாவின் இடியப்பத் தள்ளுவண்டி,
ஓர் ஆடு.

நிஸ்தார் மத்தியானம் வந்தார்.
ஏறினார், இறங்கினார், திரும்ப ஏறினார்.
நன்றி ஒன்றும் சொல்லவில்லை.
கொப்பியைத் திறந்து எழுதினார்:

இடது ஓரம்
அரை விரல் உசரம்.