பம்பு நின்ற இரவு

புயலுக்கு ஏதோ பெயர் வைத்திருந்தார்கள்.
மேயோவில் எங்களுக்குக் கணக்கு வேறு:
மின்சாரம் எத்தனை மணிக்குப் போகும்?
பதினொன்று பத்துக்குப் போயிற்று.
பதினொன்றரைக்கு அட்ராக்டா டர்க்கன் அழைத்தாள்:
"மலாக்கி, சுவருக்குள் யாரோ
சுத்தியலால் அடிக்கிறார்கள்."

யாருமில்லை. தண்ணீர்தான்.
அவள் அடுப்பின் முதுகில் ஓர் இரும்புப் பெட்டி.
அதில் காய்ந்த தண்ணீரை வீடெங்கும் துரத்துவது
உள்ளங்கை அகலப் பம்பு ஒன்று.
பம்புக்கு மின்சாரம் வேண்டும்.
நெருப்புக்கு வேண்டாம்.
சதுப்பில் வெட்டி, கோடையெல்லாம்
புரட்டிப் புரட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகள்
சேதி தெரியாமல் எரிந்துகொண்டிருந்தன.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
கூடத்துச் சுவரில் நான் ஒரு ரேடியேட்டர் வைத்திருக்க வேண்டும்,
திருகு இல்லாதது, யாராலும் மூட முடியாதது.
பம்பு செத்தாலும் சூடு தானாக ஏறி
அதில் போய் இளைப்பாறும்.
அங்கே பீங்கான் அலமாரி வரும் என்றாள்.
தலையாட்டினேன்.
எனக்கும் அரைநாள் வேலை மிச்சம்.
நான்கு குளிர்காலம் ஒன்றும் நடக்கவில்லை.
நடக்காத தப்பு
மெல்ல மெல்லச் சரியாகிவிடுகிறது.

"காற்று வாய் இரண்டையும் மூடு.
நெருப்பில் தண்ணீர் ஊற்றிவிடாதே, இரும்பு பிளக்கும்.
மாடிக்குப் போ. வெந்நீர்க் குழாயைத் திற."
"எவ்வளவு?"
"முழுக்க."
"அத்தனையும் வீணாகுமே."
"வீணாகத்தான் வேண்டும், அட்ராக்டா."

ஒரே கிண்ண வெந்நீரில்
முதலில் குவளை, பிறகு தட்டு,
கடைசியில் நாயின் கால் கழுவுகிறவள்.

தொலைபேசியை எங்கோ வைத்தாள்.
குழாய் இருமியது, துப்பியது, பிறகு பேச ஆரம்பித்தது.
சுவரின் அடி இடைவெளி விட்டு விழுந்தது.
அவள் மாடியில் நிற்பது கேட்டது.
ஒருவர் நிற்பது கேட்குமா? கேட்டது.

"நிறைந்துவிட்டது."
"அடைப்பைப் பிடுங்கிவிடு. ஓடட்டும்."
பதிலில்லை.
பிறகு, "இதில் இறங்கினால் தப்பா?"

நான் குழாய்க்காரன். என்ன சொல்வேன்?
சுடும், பச்சைத் தண்ணீர் கலந்துகொள்,
குழாயை மட்டும் மூடாதே என்றேன்.

தண்ணீர் ஓர் ஆளை வாங்கிக்கொள்ளும் சத்தம்
எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.
"தொட்டி வாங்கி ஒன்பது வருஷம்," என்றாள்.
"கழுத்துவரை இன்றுதான்."

நான் இரண்டு கோட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன்.
என் வீட்டில் புகைபோக்கி கிடையாது.
சாம்பல் அள்ளிச் சலித்துப் போய்
அடுப்பைப் பிடுங்கி விற்றவன் நான்.
எல்லாம் மின்சாரம். எல்லாம் புதுசு.
சுவரில் கை வைத்தால் சுவர்
கையிடமிருந்து சூடு கேட்டது.

அடி எப்போது நின்றது என்று
இருவருமே கவனிக்கவில்லை.
அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.
அவள் கூரையில் அறைந்த காற்று
நான் ஆறு எண்ணுவதற்குள்
என் கூரைக்கு வந்து சேர்ந்தது.
மறுபடி அங்கே. எண்ணினேன்.
மறுபடி இங்கே.

காலையில் ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு போனேன்.
சொல்ல வேண்டியதை வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன்.
கூடத்தில் அலமாரி நகர்ந்திருந்தது.
பீங்கான் தட்டுகள் தரையில், செய்தித்தாள் மேல்.
மேசையில் அடுப்பின் கையேடு,
பதினாலாம் பக்கத்தில் ஒரு தீக்குச்சி.

"இதற்கு எவ்வளவு?" என்றாள்.
"ஒன்றுமில்லை."
"ஒன்றுமில்லைதான் இருக்க வேண்டும்," என்றாள்.
தேநீர் தந்தாள், சர்க்கரை கேட்காமல்.

குழாய் வெட்ட மாடிக்குப் போனேன்.
தொட்டி நிறையத் தண்ணீர், சதுப்பின் பழுப்பு,
ஆறிப் போயிருந்தது.
"வடிக்கட்டுமா?"
கீழிருந்து குரல் வந்தது:
"இருக்கட்டும். படி கழுவ ஆகும்."