ஏழாம் பிரிவு, இரண்டாம் வரைவு

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாம் அடுக்கில்
மின்சாரம் போனது. இரண்டரை மணி நேரம்.
பிறகு லேசர், ஆறிப்போன டைட்டானியப் பொடியில்
விட்ட இடத்தைத் தேடித் தொட்டது.

இடுப்பு மூட்டு முழுசாகத்தான் வந்தது.
நகத்தால் தடவிப் பார்த்தேன்,
வடு இல்லை.
கூடவே வளர்ந்த சோதனைக் கம்பியைத்
தண்டேக்கா இழுவை எந்திரத்தில் பூட்டினாள்.
பல்லி வால் மாதிரி அதே அடுக்கில்
அறுந்தது.

இன்று டர்பனில், ஜேக்கப்ஸ் பட்டறை மாடியில்,
ஒன்பது பேர் ஒரு சொல்லுக்காக உட்கார்ந்திருக்கிறோம்.
"நின்று தொடர்ந்த பாகத்தைத் தவிர்ப்பது நல்லது."
'நல்லது' போதும் என்கிறார் ஃபூரி;
மின்வெட்டு என் கையிலா இருக்கிறது,
மாதம் நாலு மூட்டைக் குப்பையில் போட்டால்
கடையைச் சாத்த வேண்டியதுதான்.
பொய்யில்லை அவர் சொல்வது.

நிரோஷா படையாச்சி, செயலாளர். எனக்கு வாக்கு கிடையாது.
தேநீர் வந்தபோது
கம்பியின் இரண்டு துண்டுகளையும்
அவர் தட்டில், பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
சேர்த்துப் பார்த்தார். மறுபடி சேர்த்துப் பார்த்தார்.

மூன்று மணிக்கு விளக்கு அணைந்தது.
இருட்டில் யாரோ சொன்னார்கள்:
"கூடாது என்றே போடு."
பெயரை விட்டுவிட்டுச்
சொல்லை மட்டும் எழுதிக்கொண்டேன்.