வரிசை நீளம்

பார்குவா துறையில்
ஃபெர்ரியின் இரும்பு நாக்கு இறங்குகிறது.
மஞ்சள் அங்கிக்காரன் கைகாட்டுகிறான்: வா, வா.
முன்னால் நின்ற கோழி லாரி ஏறிவிட்டது.
எனக்கும் இடமிருக்கிறது.
நான் வண்டியை ஓரங்கட்டி
பின்னால் வருபவனுக்கு வழி விடுகிறேன்.

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்.

அடுத்த படகுக்கு இருபத்தைந்து நிமிடம்.
திருடிய நேரம் என்று சொல்ல மாட்டேன்,
யாரிடம் திருடினாய் என்று கேள்வி வரும்.
கேள்வி வந்தால் பதிலுக்கு மூன்று பெயர்:
ரெனாத்தோ, ஐலென்,
இன்னும் பல் முளைக்காத பவுத்திஸ்தா.
அக்கரையில் நாத்தனார் காத்திருக்கிறாள்.
ஆறரைக்கு மேல் ஒவ்வொரு கால் மணிக்கும்
அவள் முகம் ஒரு விரற்கடை நீளும்.

முதல் தடவை
அந்த இருபத்தைந்தையும் வீணாக்கினேன்,
மாவு, டயப்பர், மூத்தவனுக்கு அளவுகோல் என்று
பட்டியல் எழுதி.
இரண்டாம் தடவை அழுது பார்க்கலாமென்று உட்கார்ந்தேன்.
அழுகை வரவில்லை; பசித்தது.
மூன்றாம் தடவைதான்
கார்க் கூரையில் மழை விழுவது
எனக்காகவும் இல்லை, என்னைக் கேட்டும் இல்லை
என்பது காதில் ஏறியது.
போதுமாக இருந்தது.

சிப்பி ஆலையில் எட்டு மணி நேரம்
ஓடு வேறு சதை வேறாக்குகிற கை.
வீட்டில் இதே கைதான்
நள்ளிரவில் தொட்டில் கம்பிக்குள் நுழைந்து
ஒரு சின்ன முதுகைத் தட்டும்.
இப்போது மடியில் கிடக்கிறது,
அலை ஒதுக்கிவிட்டுப் போன ஏதோ ஒன்றாய்.
கட்டைவிரலில் ஒரு தழும்பு.
இது எப்போது வந்தது?

கம்பத்தில் ஒரு நீர்க்காகம்
சிறகை விரித்துக் காயப்போடுகிறது,
மழையில்.
அதற்கும் விவரம் பத்தாது.

கால்வாயின் நடுவே பாலத்தின் தூண்கள்
எழும்பிவிட்டன.
முடிந்தால் சில நிமிடத்தில் எங்கள் தீவு.
சிலோயேயில் எல்லோரும் நாளை எண்ணுகிறார்கள்.
நானும்தான்,
வேறு மாதிரி.

வீட்டில் 'வரிசை நீளம்' என்பேன்.
எலிசேயோ தலையாட்டுவான்.
சில வியாழன்களில் அவனும் அதையே சொல்வான்,
சொல்லிக்கொண்டே குழந்தையை வாங்கிக்கொள்வான்.
விறகு லாரிக்காரனுக்கு
வரிசை நீளமாகத்தானே இருக்கும்.

போன வியாழன் ஆலையில் கொதிகலன் பழுது,
முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள்.
துறையில் ஆறேழு வண்டிகள்.
வரிசைக்கு வெளியே, எம்பனாடா கடைக்குப் பின்னால்,
எங்கள் லாரி.
கதவில் ரெனாத்தோ கீறிய டைனோசர்.

உள்ளே அவன்
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்,
தோல் அறுந்துவிடாமல்
ஒரே சுருளாய், நின்று நின்று.
வீட்டிலும் உரிப்பான்:
பிய்த்து, விதை நீக்கி, மூன்று வாய்க்குப் பங்கிட்டு,
கடைசியில் தன் விரலை நக்கிக்கொள்வான்.
இங்கே முழுப் பழம்.
சுளை சுளையாய். கண்ணை மூடி.

ஹார்னுக்குப் போன கை பாதியில் நின்றது.
கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்:
சளி பிடித்த இரண்டோடு
நான் தனியாக அல்லாடிய வியாழன்கள்
எத்தனை?
பிறகு செவ்வாய்கள் ஞாபகம் வந்தன.

நாக்கு இறங்கியது.
மஞ்சள் அங்கி அசைந்தது.
லாரிப் பக்கம் திரும்பாமல்
நான் ஏறிவிட்டேன்.

இருட்டிய பிறகு வந்தான்.
'வரிசை நீளம்' என்றான்.
'வியாழன் அப்படித்தான்' என்றேன்,
சூப்புக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தி.
பவுத்திஸ்தா அவன் மடிக்குத் தாவி
அவன் விரல்களை ஒவ்வொன்றாய்
வாயில் வைத்துப் பார்த்தான்.
கட்டைவிரலுக்கு வந்ததும்
மூக்கைச் சுருக்கி, சப்புக் கொட்டி,
விடவே மாட்டேன் என்கிறான்.