எண் நிற்கும் வரை

காலையில் கூடத்தைத் திறந்ததும் முதல் வேலை
பொய் சொல்லாத தண்ணீர் தயாரிப்பது.
லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஃப்ளோரைடு,
அப்புறம் பத்து, அப்புறம் நூறு.
மூன்று பிளாஸ்டிக் குவளை. மின்முனையை முக்கிச்
சரிவு பார்க்க வேண்டும்.
ஐம்பத்தெட்டு வந்தால் நல்ல நாள்.
ஐம்பத்து நான்குக்குக் கீழே இறங்கினால்
அன்றைக்கு எந்தக் கிணற்றையும் நம்பாதே.

இன்று ஐம்பத்து நான்கு புள்ளி ஆறு.

புது மின்முனைக்கு மூன்று கம்பெனியில் விலை கேட்டு
எழுதி அனுப்பி ஐந்து மாதம்.
என் உதவித்தொகைக்கும் அதே ஐந்து மாதம்.
இரண்டு கோப்பும் எங்கோ ஒரே மேசையில்
ஒன்றின் மேல் ஒன்று தூங்குகின்றன போல.

தங்கை யுகப்பிரியா ஓசூரில் இருக்கிறாள்,
கம்பெனி விடுதியில், ஒரு அறைக்கு ஆறு பேர்.
போன் கேமராவில் தூசி இருக்கிறதா என்று பார்க்கும் வேலை.
பன்னிரண்டாவது முடித்து மூன்றே வருடம்,
இப்போது லைன் லீடர்.
மாதம் பிறந்தால் ஜிபேயில் இரண்டாயிரம் வரும்,
குறிப்பில் "விஞ்ஞானிக்கு" என்று எழுதி
ஒரு சிரிக்கிற முகம் போடுவாள்.

நேர்காணலில் கேட்டார்கள்:
மாதேஸ்வரி, இந்தத் தலைப்பை ஏன் எடுத்தீர்கள்?
இத்துறையில் ஆய்வு இடைவெளி உள்ளது, ஐயா, என்றேன்,
பல் தெரியாமல்.
பாலக்கோட்டுப் பக்கம் பிறந்த பல்.
பழுப்புக் கோடுகள்,
யாரோ பென்சிலால் கிறுக்கிவிட்டு அழிக்க மறந்ததுபோல்.

நாற்பது கிணறு. நாற்பது பாட்டில்.
போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: ரோடு போடவா வந்திருக்கீங்க?
பத்தொன்பதாவது, ஒரு உயர்நிலைப் பள்ளியின் ஆழ்துளைக் கிணறு.
ஒன்று புள்ளி நான்கு. வரம்பு ஒன்றரை.
தலைமையாசிரியை சந்தோஷப்பட்டு
"குடிக்க உகந்தது" என்று சீட்டு எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கி,
குழாய்க்கு மேலே டேப் போட்டு ஒட்டிவிட்டார்.

அதிலிருந்து பதினோரு வாரம் ஆகிறது.

இப்போது கட்டுரைக்கு அட்டவணை போடும்போது
நோட்டில் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன்.
நேரம் ஐந்து இருபது என்று எழுதியிருக்கிறேன்.
ஐந்து நாற்பதுக்குக் கடைசி பஸ்.
எனக்கு நினைவிருக்கிறது,
எண் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.
மெதுவாக.
நான் எழுதிவிட்டேன்.

யாருக்கும் தெரியாது. ஒரு புள்ளி, நாற்பதில் ஒன்று,
வரைபடத்தில் கோட்டை ஒட்டி அழகாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

மறுபடி போய் ஒரு பாட்டில் பிடித்தேன்.
ஞாயிற்றுக்கிழமை ஓசூர்.
பாலிடெக்னிக்கில் கூடப் படித்த இர்ஃபான்
ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் நிலையத்தில் ஷிஃப்ட் பொறுப்பாளன்.
அவனுடைய மின்முனை வாங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை.
"டீ குடிச்சிட்டு வர்றேன், எதையும் உடைச்சிடாதே" என்றான்.

ஒன்று புள்ளி இரண்டு.
ஒன்று புள்ளி நான்கு. கை தானாகப் பேனாவுக்குப் போனது.
ஒன்று புள்ளி ஆறு.
ஏழு.
ஒன்று புள்ளி ஒன்பதில் நின்றது.
டீ முடிந்து அவன் திரும்பி வரும் வரை
நானும் நின்றேன்.
ஒன்பதுதான்.

நெறியாளருக்கு அன்றிரவே எழுதினேன்:
பத்தொன்பது தவறு, ஆகவே அதே மாலை எடுத்த
பதினெட்டையும் இருபதையும் நம்ப முடியாது,
எல்லாவற்றையும் திரும்ப எடுக்கிறேன்.
பதிலில் ஒரே வரி. "எவ்வளவு நாள் ஆகும்?"

திங்கட்கிழமை பள்ளி. இடைவேளை.
குழாயடியில் வரிசை, கையில் பாட்டில்களோடு.
நான் சீட்டைக் கிழிக்கிறேன்.
காகிதம் பாதி வருகிறது, டேப் வரவில்லை.
"உகந்தது" போய்விட்டது, கையெழுத்து போகவில்லை.
நகத்தால் சுரண்டுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பாக இருக்கும், ஒரு பெண்
ஸ்கேலை நீட்டினாள்.
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே கோடுகள்.
எல்லாம் சொன்னேன், பஸ் உட்பட.
கேட்டுவிட்டு,
"அக்கா, இதுக்குப் பதினொன்னாவதுல என்ன குரூப் எடுக்கணும்?"

சொல்கிறேன், முதலில்
யார் வீட்டிலாவது தேங்காய் எண்ணெய் கொஞ்சம் வாங்கி வா.
பசை அதில்தான் கரையும்.